விடாத தலைவலி, விடாத காய்ச்சல்: நாள்பட்ட மூளை உறைத் தொற்று பற்றிக் கேட்டதும் சொன்னதும்

நான் நரம்பியல் மருத்துவன். தலைவலி என்று வந்து, வாரக்கணக்கில் விடை கிடைக்காமல் வார்டில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரிப்போர்ட்டை வைத்துப் பொதுவாகப் பேசலாம், ஆனால் போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

தேனியிலிருந்து ஒரு தம்பி: சார், அம்மாவுக்கு 52 வயசு. அஞ்சு வாரமா தலைவலி, சாயங்காலமானா லேசா காய்ச்சல், இப்ப பத்து நாளா வாந்தி. முதுகுல நீர் எடுத்துப் பார்த்தாங்க. செல் 180, பெரும்பாலும் லிம்போசைட். புரோட்டீன் 210, சர்க்கரை 28. அப்ப ரத்தத்துல சர்க்கரை 130. டிபி கிருமியைத் தேடுற ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்ட் நெகட்டிவ். ஆனாலும் டிபி மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. நெகட்டிவ்னு வந்த பிறகு எதுக்கு மருந்து?

தம்பி, உங்க டாக்டர் செய்தது சரி. நாலு வாரத்தைத் தாண்டியும் நோய்க்குறிகள் நீடித்து, முதுகு நீரிலும் செல் கூடுதலாக இருந்தால் அதை நாள்பட்ட மூளை உறை அழற்சி என்போம். லிம்போசைட் என்ற வெள்ளையணு அதிகம், புரதம் அதிகம், சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. நம் நாட்டில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது டிபி. முதுகு நீரில் டிபி கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் அந்த டெஸ்டின் மேம்பட்ட வகையான எக்ஸ்பெர்ட் அல்ட்ராவே நெகட்டிவ் காட்டினாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது. எவ்வளவு நீர் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். ஒரு மில்லி எடுத்து நாலு டெஸ்டுக்குப் பங்கு போட்டால் எதிலும் ஒன்றும் தெரியாது. டிபிக்கு மட்டுமே ஆறு முதல் பத்து மில்லி எடுத்து, சுழற்றி, அடியில் படிவதைச் சோதிக்க வேண்டும். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை காத்திருந்தால் கண், காது, உயிர் எது வேண்டுமானாலும் போகலாம்.

கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போகிறதா பாருங்கள். வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் அது இறப்பைக் குறைத்தது. உடல் ஊனத்தைக் குறைத்ததாக நிரூபணம் இல்லை. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது, ஆறு முதல் எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். டிபி மருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம், அரசுத் திட்டத்தில் இலவசம்.

டிபி மருந்து தொடங்கியதும் தேடலை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு உறுத்தல். அதே நீரில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜென் பார்த்தார்களா? எச்ஐவி டெஸ்ட்? நெஞ்சு சிடி எடுத்து, நெறிகட்டி ஏதாவது இருந்தால் அதிலிருந்து மாதிரி எடுக்க முடியுமா? மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவும் நடக்கலாம்.

திருநெல்வேலி, ஒரு அம்மா: முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தா கால் விளங்காமப் போயிடும்னு எங்க வீட்டுல பயப்படுறாங்க.

தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும் அம்மா. ஊசி போடுவது அதற்கும் கீழே. சுயநினைவு குழம்பியிருந்தாலோ, கைகால் ஒரு பக்கம் வலுவிழந்திருந்தாலோ முதலில் தலையை ஸ்கேன் செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் அதை முன்பே சொல்ல வேண்டும். பிறகு இரண்டொரு நாள் தலைவலி வரலாம். நீரை எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து.

கும்பகோணம்: அண்ணனுக்கு மூளை டிபி மருந்து ஆரம்பிச்சு ஆறாவது வாரம். நல்லா இருந்தவர் திரும்பத் தூங்கிக்கிட்டே இருக்கார், தலைவலிங்கிறார். மருந்து வேலை செய்யலையா?

இன்றைக்கே அழைத்துப் போங்கள். மூளை நீர் வடியாமல் தேங்கியிருக்கலாம், அதற்கு ஷன்ட் என்ற வடிகுழாய் வைக்க வேண்டிவரும். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், இதை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பிடித்துவிடலாம். மூளை ரத்தக் குழாய் சுருங்கிப் பக்கவாதம் வந்திருக்கலாம். கிருமி சாகும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி வீக்கத்தைக் கூட்டுவதும் உண்டு. மருந்து வேலை செய்யும்போதே வரும் நிலை அது, ஸ்டீராய்டுக்கு அடங்கும். இவையெல்லாம் இல்லை என்றான பிறகுதான் மருந்துக்கு அடங்காத டிபியா, அல்லது இது டிபியே இல்லையா என்ற கேள்வி வரும்.

நாமக்கல், எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் உதவிப் பணி செய்பவர்: எச்ஐவி மருந்தை எட்டு மாசமா நிறுத்தியிருந்த ஒருத்தர். மூணு வாரமா தலைவலி, கண்ணு மங்கலா தெரியுது. காய்ச்சலும் இல்லை, கழுத்தும் இறுகலை. அதனால மூளைக்காய்ச்சலா இருக்காதுன்னு சொல்றாங்க.

கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை வரும் விதமே இதுதான். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் மூளை உறையில் வீக்கமே பெரிதாக வராது, அதனால் கழுத்தும் இறுகாது. முதுகு நீரில் செல் இரண்டு மூன்று மட்டுமே இருக்கலாம். அதைப் பார்த்து நார்மல் என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது. இந்தியன் இங்க் போட்டுப் பார்த்தால் கரிய பின்னணியில் வெள்ளை வளையத்தோடு பூஞ்சை தெரியும், ஆனால் ஆரம்பத்தில் தவறிவிடும். ஆன்டிஜென் பட்டை பத்து நிமிடத்தில் சொல்லிவிடும், ரத்தத்திலேயே செய்யலாம்.

நீர் எடுக்கும்போது அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும். எத்தனை ரிப்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது தெரியுமா! கிரிப்டோகாக்கஸில் பார்வையையும் உயிரையும் பறிப்பது பெரும்பாலும் அழுத்தம்தான். அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்கு மேல் இருந்தால் நீரை வடித்து இறக்க வேண்டும், தேவைப்பட்டால் தினமும். வலியில் புரண்டவர் நீரை வடித்ததும் அப்போதே எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

மருந்தில் 2022இல் பெரிய மாற்றம் வந்தது. லைபோசோமல் ஆம்போடெரிசின் ஒரே ஒரு பெரிய டோஸ், கூடவே இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஃப்ளூசைட்டோசின் எல்லா ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை, அதனால் பழைய முறைகளும் நடக்கின்றன. இரண்டு எச்சரிக்கை. எச்ஐவி மருந்தைப் பதறிப்போய் முதல் நாளே திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். டிபிக்குக் கொடுப்பதுபோல ஸ்டீராய்டை இதற்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வைத் தீங்கு தெரிந்ததால் பாதியில் நிறுத்தினார்கள்.

தர்மபுரி, ஆடு வளர்ப்பவர்: ரெண்டு மாசமா ராத்திரி வேர்த்துக் கொட்டுது, இடுப்பு மூட்டெல்லாம் வலி, தலைவலி. இப்ப ஒரு காது கேட்கலை. டிபின்னு மருந்து குடுத்தாங்க, பாதி குறைஞ்சுது, திரும்ப வந்துருச்சு. போன சித்திரையில எங்க ஆடுங்க வரிசையா கரு கலைஞ்சு குறைக்குட்டி போட்டுருச்சு, நான்தான் எடுத்துப் போட்டேன்.

அண்ணே, இந்தக் கடைசி வரியை உங்க டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். ஆடு வரிசையாகக் கருச்சிதைந்தால் புரூசெல்லா என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். கருவிலும் நஞ்சுக்கொடியிலும் அது கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் எடுத்தால் கையில் உள்ள சிறு கீறல் போதும். காய்ச்சாத பாலிலும் வரும். மூளை உறைக்குப் போனால் காது நரம்பைத் தாக்குவது இதன் வழக்கம்.

டிபி மருந்தில் பாதி குறைந்ததற்கும் காரணம் இருக்கிறது. ரிஃபாம்பிசின், ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டும் புரூசெல்லாவையும் அடிக்கும். அதனால் நோய் அடங்கியதுபோல் தோன்றி டிபி என்றே முடிவாகிவிடும், மருந்தை நிறுத்தியதும் தலைதூக்கும். ரோஸ் பெங்கால் டெஸ்டும் அக்லூட்டினேஷன் டெஸ்டும் ரத்தத்தில் செய்யச் சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் அனுப்பினால் புரூசெல்லா சந்தேகம் என்று லேபுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். தட்டில் வளர்ந்த கிருமியைத் தெரியாமல் முகர்ந்த லேப் ஆட்களுக்கே நோய் வந்திருக்கிறது. உறுதியானால் டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின், செஃப்ட்ரியாக்சோன் சேர்த்துக் கொடுப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் மற்றவர்களுக்கும் ரத்தம் பாருங்கள், கால்நடை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்காவுக்கு சிசேரியனுக்கு முதுகில ஊசி போட்டவை. மூண்டு கிழமையா தலையிடி. முதுகு ஊசிக்குப் பிறகு இது வழமைதான் எண்டு சொல்லினம். பயப்பிடோணுமோ?

முதுகு ஊசிக்குப் பின் வரும் சாதாரணத் தலையிடி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அடங்கும். மூன்று கிழமை தாண்டியும் இருக்கிறது என்றால் திரும்பப் பார்க்க வேண்டும் தங்கச்சி. படுத்தாலும் குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், காய்ச்சலோ கழுத்து வலியோ சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்.

பெரும்பாலும் வேறு எளிய காரணமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவசரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2005இல் கொழும்பில் முதுகில் மயக்க ஊசி போட்ட 5 பேருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை மூளை உறையைத் தாக்கியது, உயிரிழப்பும் நடந்தது. சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த பொருட்கள் முறையாகச் சேமிக்கப்படாததன் மேல் சந்தேகம் விழுந்தது. 2012இல் அமெரிக்காவில் முதுகு வலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி மருந்தில் எக்செரோஹைலம் என்ற கரும்பூஞ்சை கலந்திருந்தது. 20 மாநிலங்களில் 750க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 60க்கும் மேல் இறந்தார்கள். 2023இல் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரில் அழகு சிகிச்சைக்காக முதுகில் மயக்க ஊசி போட்டவர்களுக்கு ஃபுசேரியம் பூஞ்சை. பெரும்பாலும் நோயெதிர்ப்பு நன்றாக இருந்தவர்கள்தான்.

இந்தப் பூஞ்சைகள் புத்தகத்தில் படித்தபடி நடப்பதில்லை. நாள்பட்ட நோய் என்றால் லிம்போசைட் என்று நினைப்போம், இங்கே நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணு அதிகமாக இருக்கும். பாக்டீரியா என்று எண்ணி ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூளையின் பின்பக்க ரத்தக் குழாயைப் பூஞ்சை அரித்து, இளவயதினருக்குப் பக்கவாதம் வரும். கல்ச்சரில் வளராமலும் போகலாம், முதுகு நீரில் பூஞ்சைச் சுவரின் பொருளான பீட்டா டி குளுகான் பார்ப்பது கை கொடுக்கும். வோரிகோனசோல், ஆம்போடெரிசின் மாதக்கணக்கில் போகும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதுகில் ஊசி போட்ட திகதியை முதலில் சொல்லச் சொல்லுங்கோ.

பாலக்காடு எல்லையில் லேப் டெக்னீஷியன்: சார், ஒரு முதுகு நீர்ல செல் 600. லிம்போசைட்னு எழுதப் போனேன். ஸ்டெயின் போட்டுப் பார்த்தா 40 சதவீதம் ஈசினோஃபில். டிபியில இப்படி வருமா?

சபாஷ். எண்ணும் சேம்பரில் மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இது காணாமல் போயிருக்கும். லீஷ்மேன் அல்லது ஜீம்சா சாயம் போட்டால்தான் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவின் செம்மணிகள் தெரியும். பத்து சதவீதத்தைத் தாண்டினாலே ஈசினோஃபிலிக் என்போம். 40 என்றால் டிபியை ஓரம் வைத்துவிட்டு என்ன சாப்பிட்டார் என்று கேட்கச் சொல்லுங்கள். பச்சை உடும்புக் கறி, உடும்பு ரத்தம், நத்தை. ஆஸ்துமாவுக்கும் ஆண்மைக்கும் நல்லது என்று யாரோ சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டவர்கள் நேரில் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். உடும்பைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் இன்னும் வாய் திறக்க மாட்டார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் இப்படி வந்தவை பதிவாகியிருக்கின்றன.

ஆஞ்சியோஸ்ட்ராஞ்சைலஸ் என்ற புழு எலியின் நுரையீரலில் வாழ்வது. எலிக் கழிவிலிருந்து நத்தைக்கும், நத்தையைத் தின்னும் உடும்புக்கும் போகிறது. மனிதன் தின்றால் மூளை வரை வந்து அங்கே செத்துப்போகும். சாகும் புழுவைச் சுற்றி வரும் வீக்கம்தான் தலைவலி. அதனால் முக்கிய மருந்து ஸ்டீராய்டு, சுமார் இரண்டு வாரம். புழு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் வலி கூடிவிடக் கூடும். நாடாப்புழு முட்டையால் வரும் சிஸ்டிசெர்கஸ் கட்டியும் ஈசினோஃபில் காட்டும், எம்ஆர்ஐ எடுத்து அதை விலக்கிக்கொள்ளட்டும்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸில் வேலை செய்யும் ஒருவர்: காக்சிடியாய்டிஸ் மூளை உறைக்கு வந்துடுச்சுன்னு சொல்றாங்க. லீவுக்கு ஊருக்கு வந்து இங்கேயே மருந்தைத் தொடரலாமா?

தொடரலாம், ஆனால் நிறுத்த முடியாது. ஃப்ளூகோனசோல் நோயை அடக்குகிறதே தவிர ஒழிப்பதில்லை, விட்டவர்களில் பலருக்குத் திரும்பியிருக்கிறது. அதனால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். இங்கே பலர் இந்தப் பூஞ்சையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், முதுகு நீர் ரிப்போர்ட்டைப் பார்த்து டிபி என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

சென்னை: அப்பாவுக்கு மூணு மாசமா எல்லா டெஸ்டும் நெகட்டிவ். முதுகு நீர்ல இருக்குற எல்லா கிருமியோட மரபணுவையும் ஒரே தடவையில படிக்கிற டெஸ்ட் இருக்காமே. செலவானாலும் பரவாயில்லை, அதைச் செஞ்சுடலாமா?

அந்த டெஸ்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுவனின் கதை. மாதக்கணக்கில் காரணம் தெரியாமல் கோமா வரை போனவன். மரபணு படித்ததில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா சிக்கியது, பென்சிலினில் எழுந்துவிட்டான். 2019இல் 204 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் நிதானமான கணக்கைத் தருகிறது. கண்டுபிடிக்கப்பட்ட 58 தொற்றுகளில் 13 இந்த டெஸ்டில் மட்டுமே தெரிந்தன. கணிசமான பங்கு வேறு டெஸ்டில் மட்டும் தெரிந்தது, இதில் தவறியது. செய்யலாம், ஆனால் நெகட்டிவ் வந்தால் எதுவும் முடிந்துவிடாது. டிபியும் பூஞ்சையும் இதிலும் நழுவும்.

நானாக இருந்தால் அதற்கு முன் மூன்று காரியம் செய்வேன். முதுகு நீரை நிறைய எடுத்துப் புற்றுச் செல்லுக்கு அனுப்புவேன், ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. நுரையீரல், மார்பகம், ரத்தப் புற்று மூளை உறையில் பரவினால் பார்ப்பதற்கு டிபி மாதிரியேதான் இருக்கும். உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் எடுத்து, எளிதாக மாதிரி எடுக்க இடம் கிடைக்கிறதா பார்ப்பேன். உறுப்புகளில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் நோய் அப்படித்தான் நெஞ்சில் ஒளிந்திருக்கும். பிறகும் தெரியவில்லை என்றால், கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐயில் பளிச்சென்று தெரியும் உறைப் பகுதியிலிருந்து பயாப்சி. பளிச்சிடாத இடத்தில் எடுத்தால் விடை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இதற்கிடையில் ஸ்டீராய்டு கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு போன பிறகு லிம்போமா என்ற புற்று பயாப்சியில் மறைந்துவிடும், பூஞ்சையாக இருந்தால் பெருகிவிடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: சிபிலிசும் இப்படி வருமா? பத்து வருஷம் முன்னாடி ஊசி போட்டுக்கிட்டேன்.

வரும். காது, கண், நினைவாற்றல் எதிலும் கை வைக்கும். ரத்தத்தில் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். அது பாசிட்டிவாக வந்து, நரம்பிலோ கண்ணிலோ காதிலோ தொந்தரவு இருந்தால் முதுகு நீரில் விடிஆர்எல் என்ற சிபிலிஸ் டெஸ்ட். அது பாசிட்டிவ் என்றால் உறுதி, நெகட்டிவ் என்றால் விலக்கியதாகாது. அப்போது போட்ட இடுப்பு ஊசி முதுகு நீருக்குப் போதுமான அளவு போவதில்லை. மூளைக்கு வந்துவிட்டால் பென்சிலினை ரத்தக் குழாய் வழியாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து முதல் பதினாலு நாள் போட வேண்டும். எச்ஐவியும் சேர்த்துப் பாருங்கள். துணைக்கும் டெஸ்ட் செய்யுங்கள்.