தாகத்தை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 42, அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பதற்காகக் கைபேசியில் மணிக்கொரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். வேண்டா வெறுப்பாகக் குடித்துவிட்டு, இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது. ‘தாகம் எடுத்தாலே உடல் வறண்டுவிட்டது’ என்கிறார்களே, உண்மையா? 76 வயதாகும் என் மாமியாரோ தாகமே இல்லை என்று நாள் முழுவதும் இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறார்.
- வாசகி, விருதுநகர்

பதில்: நினைவூட்டலை நீங்கள் தாராளமாக நிறுத்திவிடலாம், அது தேவைப்படுவது உங்கள் மாமியாருக்குத்தான்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், இரத்தத்தின் உப்புச் செறிவை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே தாகம் எடுத்துவிடும். அதற்கும் முன்பாகவே வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகங்கள் நீரை வீணாக்காமல் பிடித்துவைக்கத் தொடங்கிவிடும். நீர்வறட்சி என்று மருத்துவர்கள் கவலைப்படும் நிலை இதையெல்லாம் தாண்டித்தான் வருகிறது. எனவே நீங்கள் கேள்விப்பட்டது சரியன்று.

‘தினமும் எட்டு டம்ளர் தண்ணீர்’ என்ற கணக்குக்கு மூலமாகப் பலரும் காட்டுவது, 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் சொன்ன 2.5 லிட்டர் அளவைத்தான். அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்று அதே வாரியம் உடனே சொன்னதை மட்டும் ஏனோ யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வடித்த சோற்றிலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். ரசம், மோர், காபி எல்லாம் அதற்கு மேல்.

அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தவர்களிடம், அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம், அது மிகுதியாகக் காணப்பட்டது. உங்கள் மூன்று லிட்டர் அவ்வளவு தூரம் கொண்டுபோகாது, தூக்கத்தைத்தான் கெடுக்கிறது. தண்ணீரைக் குறைத்த பிறகும் இரவில் எழ நேர்ந்தால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கடும் வெயிலில் உழைப்பவர்களும் மட்டும் தாகத்துக்குக் காத்திராமல் குடிப்பது நல்லது.

மாமியாரின் நிலை வேறு. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுகிறது. நீரைச் சேமிக்கும் சிறுநீரகத்தின் திறனும் குறைகிறது. முழங்கால் வலியோடு கழிவறைக்கு நடக்க வேண்டுமே என்று அஞ்சிக் குடிக்காமல் இருக்கும் முதியவர்களும் பலர். வெளியே சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் பக்குவமாகக் கேட்டறிய வேண்டும். காலை மாத்திரையோடு ஒரு முழு டம்ளர் தண்ணீர், முற்பகலில் நீர்மோர், மாலையில் கஞ்சி என நேரம் வைத்துக் கொடுங்கள். இருட்டிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, நாக்கு உலர்வது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, பேச்சில் திடீர்க் குழப்பம் ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்தால், அல்லது நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இந்த அளவுகளைக்கூட மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.