பூவன் வாழையில் பிசிஆர் பாசிட்டிவ், எலிசா நெகட்டிவ்: எதை நம்புவது?

பூவன் தாய்மரத்தின் இலையை ஆய்வகத்துக்கு அனுப்பிய ஒருவர் கேட்டிருக்கிறார்: வாழை இலையில் கோடு விழவைக்கும் பனானா ஸ்ட்ரீக் வைரஸுக்கு எலிசாவில் நெகட்டிவ், பிசிஆரில் பாசிட்டிவ், இந்த மரத்திலிருந்து கன்று எடுக்கலாமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இலையில் விட்டுவிட்டு மஞ்சள் கோடு ஓடி அது பிறகு கறுக்கிறது என்றால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அந்த மரத்தில் கன்று எடுக்காதீர்கள். கோடே இல்லையென்றால்தான் மேலே யோசிக்க வேண்டும்.

எலிசா, வைரஸ் துகளின் புரதத்தை ஆன்டிபாடி (அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம்) வைத்துத் தேடும் சோதனை. பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுத் துண்டை, வைரஸ் துகளை அல்ல. பூவன் ஏஏபி ரகம், அதாவது அதன் மரபணுத் தொகுப்பில் ஏ பங்கு இரண்டு, பி பங்கு ஒன்று. அதிலுள்ள பி பங்கு காட்டு வாழையான மூசா பால்பிசியானாவிலிருந்து வந்தது, அந்த வாழையின் குரோமோசோமிலேயே இந்த வைரஸின் டிஎன்ஏ எப்போதோ ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வருகிறது, அதனால் செல்லுக்குள் ஒரு துகள்கூட இல்லாத மரத்திலும் பிசிஆரில் பட்டை விழும், அதாவது பாசிட்டிவ் என்று வரும். ஜி9 போன்ற ஏஏஏ ரகங்களில் இந்தக் குழப்பம் பெரிதாக வராது. முடிக்கொத்து நோய் வைரஸ் வாழையின் குரோமோசோமில் ஒட்டுவதில்லை, அங்கே பிசிஆர் பாசிட்டிவ் என்றால் நோய்தான்.

அதற்காக எலிசா நெகட்டிவை வைத்து நிம்மதியாகிவிடவும் முடியாது. இந்த வைரஸ் மரத்தில் ஒரே சீராகப் பரவுவதில்லை, ஒரு இலையில் இருக்கும், அடுத்ததில் குறைவாக இருக்கும். இதில் பல வகைகளும் உண்டு, எலிசா சோதனைக் கிட்டில் உள்ள ஆன்டிபாடி எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது இம்யூனோகேப்சர் பிசிஆர். குழாயின் உள்சுவரில் ஆன்டிபாடியைப் பூசி, இலைச்சாற்றை ஊற்றி, துகள்களை அதில் ஒட்டவைத்து மற்றதைக் கழுவிவிடுவார்கள். அப்புறம் டிஎன்ஏஸ் என்ற நொதியைப் போட்டால் தப்பி நிற்கும் வாழை டிஎன்ஏ அழிந்துவிடும், வைரஸ் டிஎன்ஏ மட்டும் புரத உறைக்குள் பத்திரமாக இருக்கும். பிறகு சூடாக்கி உறையைத் திறந்து பிசிஆர் செய்கிறார்கள். இங்கே ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: வாழையின் சொந்த மரபணு ஒன்றுக்கும் அதே மாதிரியில் பிசிஆர் போட்டார்களா? அதற்குப் பட்டை விழுந்திருந்தால் வாழை டிஎன்ஏ சரியாக அழியவில்லை, அந்த பாசிட்டிவை நம்ப முடியாது. இந்த முறையும் ஆன்டிபாடியை நம்பித்தான் இருக்கிறது, அதனால் சந்தேகம் தீராவிட்டால் வட்ட டிஎன்ஏவை மட்டும் பெருக்கும் ஆர்சிஏ முறை இருக்கிறது; துகளுக்குள் இருக்கும் வைரஸ் டிஎன்ஏ வட்டமானது, குரோமோசோமில் ஒட்டியிருப்பது அப்படியல்ல.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் யுரேனைல் அசிடேட் சாயமிட்டுப் பார்த்தால் இந்த வைரஸின் துகள்கள் சுமார் 130 நானோமீட்டர் நீளம், 30 நானோமீட்டர் அகலத்தில் இரு முனையும் உருண்ட குச்சிகளாகத் தெரியும். தெரிந்தால் சந்தேகமில்லை, ஆனால் துகள் குறைவாக இருந்தால் கண்ணில் படாமலே போகும்.

மாதிரி எடுக்கும்போது ஒரே இலையோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இலைகளில் எடுங்கள், தாளில் சுற்றி, உறைய விடாமல் குளிர்ச்சியாக அனுப்புங்கள். வெள்ளரி மொசைக் வைரஸுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் வாழையைத் தாக்கும்; அது ஆர்என்ஏ வைரஸ் என்பதால் முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்ளும் ஆர்டி-பிசிஆர் வேண்டும், சாதா பிசிஆரில் வரவே வராது. முடிவு வரும்வரை அந்த மரத்தின் பக்கக்கன்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம், மாவுப்பூச்சி ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பனானா ஸ்ட்ரீக் வைரஸைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோவது அதுதான்.