எம்.ஃபார்ம் ஆய்வுக்குத் தலைப்பு: மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது

கேள்வி: எம்.ஃபார்ம் ஃபார்மசூட்டிக்ஸ் மூன்றாம் செமஸ்டரில் இருக்கிறேன். தலைப்பு புதுசாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நானோ துகள், நைட்ரோசமீன் (மருந்தில் கலந்துவரும் புற்றுநோய் அபாயமுள்ள மாசு) இரண்டையும் யோசித்து வைத்திருக்கிறேன். எங்கள் லேபில் கரைசலில் உள்ள மருந்தை ஒளியால் அளக்கும் யு.வி. கருவி, மருந்து கரைவதைச் சோதிக்கும் ஆறு ஜாடி டிசொல்யூஷன் கருவி, ஓவன், மைக்ராஸ்கோப் உண்டு. டி.எஸ்.சி. (சூடாக்கி உருகுநிலை பார்ப்பது), எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிகத்தைக் காண்பது) இரண்டும் வெளியே காசு கட்டித்தான் எடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம்.

2018-இல் வால்சார்டனிலும் பிறகு ரானிடிடினிலும் பிடிபட்ட நைட்ரோசமீன் நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ஒன்றான என்.டி.எம்.ஏ.வுக்கு அனுமதி ஒரு நாளைக்கு 96 நானோகிராம். உங்கள் யு.வி. கருவியின் கண்ணுக்கு அது படவே படாது, மிக நுண்ணிய அளவையும் பிடிக்கும் எல்.சி.எம்.எஸ். கருவி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். நானோ துகளில் வேறு வில்லங்கம். டயாலிசிஸ் பையில் 'மருந்து மெதுவாக வெளிவருகிறது' என்று வரைபடம் போடுவார்கள்; பல நேரம் மெதுவாக்குவது துகள் அல்ல, பைதான். வெறும் மருந்துக் கரைசலை அதே பையில் கட்டி ஓட்டிப் பார்த்தாலே குட்டு வெளிப்படும்.

நான் சொல்வது பூஞ்சைத் தொற்று மருந்தான இட்ரகோனசோலின் பெல்லட், அதாவது காப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறு மணிகள். படர்தாமரை எளிதில் அடங்காத இன்றைய நிலையில், எந்த பிராண்டில் எத்தனை மணிகள் என்று தோல் மருத்துவர்களே எண்ணிப் பார்க்கிறார்கள். 100 மி.கி. காப்ஸ்யூலைப் பிரித்தால் வெள்ளை மணிகள் கொட்டும். நடுவில் சர்க்கரை உருண்டை; அதன்மேல் மருந்தும் எச்.பி.எம்.சி. என்ற பாலிமரும் கலந்த பூச்சு; முதலில் வந்த தயாரிப்பில் அதற்கும் மேல் பி.இ.ஜி. 20000 என்ற இன்னொரு பாலிமர். அந்தப் பூச்சில் மருந்து படிக வடிவமற்று இருக்கிறது. படிகமாக இருந்தால் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மி.லி.க்கு ஒரு சில மைக்ரோகிராம்தான் கரையும், குடலின் பி.எச்.சில் அதுவும் கிடையாது. பூச்சிலிருந்து வரும்போது அதைப்போல் பல மடங்கு கரைந்து, அதிதெவிட்டிய நிலையில் (வழக்கமாகக் கரையும் அளவை மீறிக் கரைந்த நிலையில்) கொஞ்ச நேரம் நிற்கும். எவ்வளவு நேரம், எது அதை நிறுத்துகிறது? மருந்து ஆய்வில் இன்றும் சூடாக இருக்கும் கேள்வி இது. அளக்க உங்களிடம் இருக்கும் கருவிகள் போதும்.

முதலில் மணிகள். பிராண்டுக்கு 20 காப்ஸ்யூல் பிரித்து எடை, எண்ணிக்கை, மைக்ராஸ்கோப்பில் 100 மணிகளின் விட்டம். எண்ணிக்கையை மட்டும் எழுதி ஏமாறாதீர்கள். 1 மி.மீ. மணிகள் 500 என்றால் மொத்தப் பரப்பு சுமார் 1,570 சதுர மி.மீ. 0.7 மி.மீ. மணிகள் 1,000 என்றால் சுமார் 1,540. மணிகள் இரட்டிப்பாகியும் பரப்பு கூடவில்லை! கரைவதைத் தீர்மானிப்பது பரப்பும் பூச்சின் கனமும்தான். ஆய்வேட்டில் இந்த ஒரு அட்டவணையே பலரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

அடுத்தது டிசொல்யூஷன். ஊடகத்தில் மருந்தைக் கரையவைக்கும் சோப்புப் பொருளான எஸ்.எல்.எஸ். சேர்க்க வேண்டாம். சேர்த்தால் நல்ல பிராண்டும் சுமார் பிராண்டும் ஒரே கோட்டில் விழும். 0.1 நார்மல் அமிலம் 750 மி.லி., 37 டிகிரி, பேடில் 75 ஆர்.பி.எம். ஜாடிக்கு ஒரு காப்ஸ்யூல். மிதந்தால் அதை மூழ்க வைக்கும் கம்பிச் சுருளான சிங்கர் மாட்டுங்கள். 10, 20, 30, 60, 90, 120 நிமிடங்களில் 5 மி.லி. எடுத்து, அதே சூட்டில் உள்ள அமிலத்தால் ஈடு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் ஆனதும் 37 டிகிரியில் வைத்திருந்த 0.2 மோலார் டிரைசோடியம் ஃபாஸ்பேட் 250 மி.லி. ஊற்றி, பி.எச். 6.8-க்குச் சரிசெய்யுங்கள், ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தெளிவாக இருந்த ஜாடி பால்போல் வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கிருந்து 5, 10, 15, 30, 60-ஆவது நிமிடங்களில் மறுபடி சாம்பிள்.

பெரும்பாலோர் சறுக்குவது சாம்பிள் எடுத்த அடுத்த நிமிடத்தில். சிரிஞ்ச் குளிர்ந்திருந்தால் அதற்குள்ளேயே மருந்து படிகமாகிவிடும். ஆகவே சிரிஞ்சையும் ஃபில்டரையும் ஓவனில் 37 டிகிரியில் வைத்திருங்கள். ஃபில்டர் மருந்தை உறிஞ்சும் என்பதால் முதல் 2, 3 மி.லி.யைக் கொட்டிவிட்டு மிச்சத்தை எடுங்கள். எடுத்த கையோடு அமிலம் கலந்த மெத்தனாலால் நீர்க்கச் செய்யுங்கள். 'அப்புறம் படித்துக்கொள்ளலாம்' என்று ஸ்டாண்டில் வைத்தால் நீங்கள் அளப்பது ஜாடியை அல்ல, சோதனைக் குழாயை. ஃபாஸ்பேட் சாம்பிளில் மெத்தனால் கூடினால் உப்பே வெளியேறிக் கலங்கலாம். மருந்தில்லாத ஊடகத்தை அதே விகிதத்தில் கலந்து முதலில் பார்த்துவிடுங்கள்.

யு.வி.யில் மருந்து 255 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். கூடவே மருந்து உறிஞ்சாத 400 நானோமீட்டரிலும் ஒரு அளவு எடுங்கள். அங்கே எண் வந்தால் அது கரைந்த மருந்து அல்ல, 0.45 மைக்ரான் ஃபில்டரைத் தாண்டி வந்த நுண்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அந்த சாம்பிளை நம்பாதீர்கள். ஸ்டாண்டர்டுக்கு மருந்தை நேராக மெத்தனாலில் போட்டால் கரையாமல் அடம்பிடிக்கும், 10 மி.கி.யைக் கொஞ்சம் டைகுளோரோமீத்தேனில் கரைத்துக்கொண்டு பிறகு மெத்தனால் ஊற்றுங்கள். காலி காப்ஸ்யூல் கூட்டை மட்டும் போட்டு ஒரு பிளாங்க் ஓட்டவும் மறக்க வேண்டாம்.

படிகம் இருக்கிறதா என்பதற்குக் காசு கட்டி எடுக்கும் சோதனையில் ஒரு பொறி உண்டு. மணியை அப்படியே அரைத்து எக்ஸ்.ஆர்.டி.க்கு அனுப்பினால் கூர்மையான சிகரங்கள் வரிசையாக வரும். 'மருந்து படிகமாகிவிட்டது' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது நடுவில் இருக்கும் சர்க்கரை. வெறும் சர்க்கரை உருண்டையையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது மேல்பூச்சை மட்டும் பிளேடால் சுரண்டி அனுப்புங்கள். டி.எஸ்.சி.யில் மருந்துப் படிகம் 166 டிகிரி அருகே உருகும். 60 டிகிரி பக்கம் தெரியும் மேட்டைப் பார்த்து அவசரப்படாதீர்கள்: பி.இ.ஜி. உருகுவதும் அங்கேதான், மருந்தின் கண்ணாடி நிலை மாற்றமான (படிகமற்ற மருந்து இறுக்கம் தளரும்) 59 டிகிரியும் அங்கேதான்.

புதுமைக்கு ஒரு கூறு: அமிலத்தில் முன்கூட்டியே 100 மி.கி. பாலிமர் கரைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். ஒரு முறை எச்.பி.எம்.சி. இ5, ஒரு முறை பி.வி.பி. கே30. பி.எச். மாறிய பிறகு எது அதிக நேரம் தாங்கிப் பிடிக்கிறது? இதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கான அடித்தளம்.

மாதக்கணக்கில் வைத்தால் மருந்து மாறுகிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சேம்பர் இல்லை என்று கவலை வேண்டாம். டெசிகேட்டர் என்ற இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் கரையாமல் உப்பு மிஞ்சும் வரை சாதாரண உப்புக் கரைசல் வைத்து 40 டிகிரி ஓவனில் வைத்தால் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தில் நிற்கும். கூட்டை நீக்கி மணிகளை மட்டும் தட்டில் வையுங்கள். இல்லையேல் ஜெலட்டின் ஒட்டிக்கொண்டு கரைவதைத் தடுக்கும், பழி மணிமேல் விழும்.

மூன்று பிராண்ட் போதும். 'சூபா' என்று அச்சிட்டதைச் சேர்க்காதீர்கள். அதன் பாலிமர் வேறு, குடல் பி.எச்.சில் கரைவது. ஏட்டில் ஏ, பி, சி என்று குறியிடுங்கள். மணி எண்ண 20, தொடக்க டிசொல்யூஷனுக்கு 6, ஓவனில் வைத்ததை மாதத்துக்கு 6 வீதம் மூன்று மாதம் சோதிக்க 18, பாலிமருக்கு 12, வெளிச் சோதனைக்கும் கைத்தவறுக்கும் 14. ஆக பிராண்டுக்கு 70 காப்ஸ்யூல். எல்லாம் ஒரே பேட்ச் எண்ணில், ஒரே நாளில் வாங்குங்கள். மூன்றாம் மாதம் தீர்ந்துபோய் வேறு பேட்ச் வாங்கினால் முதல் மாத எண்ணோடு ஒப்பிட வழியில்லை.