வெரிஃபைடு என்று போட்டிருந்தும் ஆளைக் காணோமே?

கேள்வி: சங்கரன்கோவிலில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் சந்தை ஒன்றில் விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'வெரிஃபைடு' என்று இருந்ததை நம்பி 4,800 ரூபாய்க்கு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினேன். இரண்டே மாதத்தில் பில் நம்பர் தாறுமாறாக விழுகிறது. மெயில் போட்டால் பதிலே இல்லை. அந்த வெரிஃபைடு பொய்யா?

பதில்: பொய் என்று சொல்லிவிட முடியாது, சகோதரி. எதைச் சரிபார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. சில இடங்களில் மொபைலுக்கு வந்த ஓடிபியைப் போட்டாலே வேலை முடிந்தது. கூகுள் பிளேயோ 2023இலிருந்து, நிறுவனப் பெயரில் புதிதாகக் கணக்கு தொடங்குபவர்களிடம் டன்ஸ் என்ற ஒன்பது இலக்க வணிக அடையாள எண்ணைக் கேட்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நெல்லையில் 18 வருடம் கம்ப்யூட்டர் கடை நடத்தியவன் நான். ஒரு மருந்துக்கடைக்காரருக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தபோது, விண்டோஸ் மஞ்சள் பட்டையோடு 'அன்னோன் பப்ளிஷர்', அதாவது வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று காட்டியது. அவசரத்தில் 'யெஸ்' அழுத்திவிட்டேன். அடுத்த வருடம் விற்றவரையும் காணோம், அவர் பக்கத்தையும் காணோம். அந்தப் பணத்தை என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். தயாரித்தவர் யார் என்பதற்கு டிஜிட்டல் கையெழுத்திட்ட சாஃப்ட்வேராக இருந்தால் பட்டை நீலமாக வரும், 'வெரிஃபைடு பப்ளிஷர்' என்று பெயரும் இருக்கும். அந்தப் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி எண். பதினைந்து இடம் கொண்டது; முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே அதைத் தேடினால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். 'பத்து வருட அனுபவம்' என்று எழுதியிருப்பவர் போன மாதம்தான் பதிந்திருந்தால் போன் செய்து கேளுங்கள். ஜிஎஸ்டி இல்லாத சின்ன டெவலப்பர்களிலும் தங்கமானவர்கள் உண்டு. அவர்களிடம் பணம் கட்டும் முன்பே ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகமே ஆளைக் காட்டிவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் தலைமையக முகவரி, மின்னஞ்சல் போன்ற விவரங்களைச் சந்தை தர வேண்டும். அந்தச் சந்தையின் குறைதீர் அலுவலருக்கு ரசீதை இணைத்து எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது அவர் பொறுப்பு. நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

அதற்கும் முன்னால், இன்று ராத்திரி கடை சாத்துவதற்குள், பில்லிங் டேட்டா முழுவதையும் ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.