கூட்டணி முறிந்தால் கவுன்சிலர் பதவி போய்விடுமா?

கேள்வி: என் மனைவி வேலூர் மாநகராட்சி கவுன்சிலர். கூட்டணியில் எங்கள் கட்சிக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்தவர். மேயர் தேர்தலில் தலைமை சொன்னபடி ஓட்டுப் போட்டார். இப்போது கூட்டணி நிலைக்காது என்று பேச்சு. பிரிந்தால் மேயரை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும், போடாவிட்டால் கட்சித் தாவல் சட்டத்தில் பதவி போய்விடும் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்கிறார். சென்னையில் ஆள் வைத்து 'பாதுகாப்பு' செய்து தருகிறாராம். இரண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்தும் கொஞ்சம் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? நான் சின்ன அளவில் சிவில் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். – காட்பாடி வாசகர்.

பதில்: முதலில் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டுக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கட்சித் தாவல் சட்டம் என்று ஊரே சொல்வது அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணையை. 1985-ல் வந்தது. அது எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் மட்டும்தான். கவுன்சிலர், மேயர், நகராட்சித் தலைவர் யாரும் அதில் வர மாட்டார்கள். கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் உள்ளாட்சிக்கென்று தனியாகத் தாவல் சட்டம் போட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் பெங்களூருவில் யாரிடமோ கேட்டதை வேலூரில் விற்கிறார், அவ்வளவுதான்.

அதனால் கூட்டணி முறிந்தாலும் உங்கள் வீட்டு அம்மாவின் பதவி அப்படியே இருக்கும். கட்சி அவரை நீக்கலாம், வட்டச் செயலாளர் முகம் கொடுக்காமல் போகலாம், அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்று சொல்லலாம். வார்டு மக்கள் கொடுத்த பதவியைக் கட்சி பிடுங்க முடியாது. கட்சி சொன்னபடி மன்றத்தில் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

இதற்குச் சாட்சி 2022 மார்ச் 4. அன்றைக்குத்தான் மாநிலம் முழுக்க மேயர், நகராட்சித் தலைவர் மறைமுகத் தேர்தல். கூட்டணிக் கட்சிகளுக்கு என்று ஒதுக்கிய சில இடங்களில் தி.மு.க.காரர்களே எதிர்த்து நின்று ஜெயித்துவிட்டார்கள். விலகச் சொல்லி மு.க. ஸ்டாலின் அறிக்கை விட்டார். முதலமைச்சரே அறிக்கை விட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்றால் என்ன அர்த்தம்? கட்சி தானாக இறக்கிவிடச் சட்டத்தில் வழி இல்லை என்றுதானே.

மேயர் நாற்காலி ஆடுமா என்றும் உங்களுக்கு ஒரு கலக்கம் இருக்கும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பது டீக்கடையில் பேசுகிற அளவுக்குச் சுலபம் இல்லை. பாதிக்கு மேல் ஒரு ஆள் சேர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதைவிட நிறையப் பேர் வேண்டும். 60 வார்டு உள்ள நம் மன்றத்தில் அத்தனை பேரைத் திரட்டுவது ஒரு பக்கம். திரட்டினாலும் அன்றைக்கு வருவார்களா என்பது இன்னொரு பக்கம். 2024 ஜனவரியில் திருநெல்வேலியிலும் ஜூலையில் பக்கத்துக் காஞ்சிபுரத்திலும் கவுன்சிலர்களே கேட்டு வாங்கிய கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலரும் போகவில்லை. தீர்மானம் விழுந்தது. அதே ஜூலையில் நெல்லை மேயரும் கோவை மேயரும் தாங்களாகவே ராஜினாமா செய்தார்கள். இந்த மேயர்களில் யாரும் மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்து இறங்கவில்லை. முடிவு வேறெங்கோ ஆகிறது, மன்றத்துக்குத் தகவல் மட்டும் வருகிறது. இதைச் சொன்னால் என் நண்பர்களுக்கே கோபம் வருகிறது.

எனக்கும் கோபம் உண்டு. 1996-லும் 2001-லும் மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள். 2011-ல் மறுபடி மக்கள். அப்படி நேரடி ஓட்டில் வந்தவர்தான் நம் ஊரின் கார்த்தியாயினி, அ.தி.மு.க. அப்புறம் 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம், மறுபடி கவுன்சிலர்கள் கைக்கே போய்விட்டது. 2022-ல் தி.மு.க.வின் சுஜாதா வந்தது அந்த வழியில். நடுவில் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்தலே நடத்தாமல் அதிகாரிகளை வைத்து ஊரை ஓட்டினார்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவுக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் சனம் திண்டாடியது. ஆட்சியில் இருப்பவர்கள் நினைத்தபோதெல்லாம் ஆட்டத்தின் விதியை மாற்றினால், ஒரு மேயர் யாருக்குப் பயப்படுவார், வார்டுக்கா, தலைமைக்கா?

சரி, அந்த வெள்ளைத் தாளுக்கு வருகிறேன். சத்துவாச்சாரி கோர்ட்டில் முப்பது வருஷமாக இந்த வழக்குகளைப் பார்க்கிறேன். ஒரு நகராட்சிக் கவுன்சிலர், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, ஒரு ஜெராக்ஸோடு வந்தார். அவருடைய ராஜினாமாக் கடிதம். கையெழுத்து அவருடையதேதான், நீல மை. மேலே இருந்த தேதியும் வாசகமும் கறுப்பு மையில், வேறு கையெழுத்தில். வருஷத்தில் '2' போட்ட விதம்கூட வேறு. "சும்மா ஒரு நம்பிக்கைக்கு" என்று வாங்கிப் போனார்களாம். நான் எழுதவில்லை என்று நிரூபிக்க அந்த மனுஷர் எத்தனை படி ஏறி இறங்கினார் தெரியுமா? பணம் கொடுத்து ஏமாந்தால் பணத்தோடு போகும். தேதி போடாத தாளில் போட்ட கையெழுத்து, கூட்டணி பேரம் நடக்கும் ராத்திரியில் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, சிவில் கான்ட்ராக்ட் என்று. அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது. மாநகராட்சியின் ஒப்பந்தத்தில் கவுன்சிலருக்கு நேராகவோ மறைமுகமாகவோ பங்கு இருந்தால் அது தகுதி நீக்கத்துக்குக் காரணம். கட்சி மாறினால் போகாத பதவி, ஒரு சிமென்ட் சாலை பில்லில் போகும். உங்கள் பெயரில் டெண்டர் எடுத்து, அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து ஜாமீன் தொகை கட்டியிருந்தால் எதிராளிக்கு வேறு ஆதாரமே தேவையில்லை.

ஒரு விலக்கு இருக்கிறது. அதைத்தான் தரகர்கள் வளைத்துக் காட்டுவார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஒப்பந்தம் எடுத்த கம்பெனியில் கவுன்சிலர் வெறும் பங்குதாரராக இருந்தால் தவறில்லை. ஷேர் மார்க்கெட்டில் பத்து ஷேர் வாங்கி வைத்திருப்பது மாதிரி. ஆனால் அதே கம்பெனியில் இயக்குநராக இருக்கக் கூடாது. இங்கே கம்பெனி என்றால் முறைப்படி பதிவான கம்பெனி. நீங்களும் மைத்துனரும் சேர்ந்து நடத்துகிற பார்ட்னர்ஷிப் கம்பெனி ஆகாது. அதன் போர்டில் 'அண்ட் கோ' என்று எழுதியிருந்தாலும் ஆகாது. "அம்மாவை ஸ்லீப்பிங் பார்ட்னராகப் போட்டுவிடுவோம், ஷேர்தானே, சட்டம் விடுகிறது" என்று யாராவது சொன்னால் அவருக்குக் காபிகூடக் கொடுக்காதீர்கள். பங்குதாரர் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம், அந்தக் குழப்பத்தில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். சந்தேகம் இருந்தால் அம்மாவின் பதவிக்காலம் முடிகிறவரை வேலூர் மாநகராட்சி டெண்டரை விட்டுவிடுங்கள். பொதுப்பணித் துறையில் வேலை இல்லையா, தனியார் வீடு கட்டுகிறவர்கள் இல்லையா?

பதவி போக இன்னொரு வழியும் உண்டு. தலைமை 'புறக்கணி' என்று சொன்னது என்று மன்றக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போகாமலே இருக்கக் கூடாது. போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளிநடப்புச் செய்யட்டும். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் நாளைக்குப் பார்ப்பார்கள்.

வந்தவர் மறுபடி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எழுதிக் கொடுங்கள் என்று. எழுதித் தர மாட்டார். கேள்வியை அம்மாவே கேட்டால் இன்னும் நல்லது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், பதவி அவருடையது, கையெழுத்து அவருடையது. அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும்.