எண்ணெய் சொல்லாத ஒரு ஆள் வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது, மதுரையில் ஒரு பள்ளியில் டீச்சர். எட்டு மாதத்துக்கு முன்னால் தங்கச்சி தலை வாரிவிடும்போது, காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக முடியே இல்லை என்று காட்டினாள். இப்போது பாதித் தலை போய்விட்டது, விக் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். டாக்டர் 'அலோபீசியா ஏரியேட்டா' என்று சொல்லி ஊசி போடுகிறார். அம்மா தினமும் போன் பண்ணி ஒரு எண்ணெய் சொல்கிறார். மாமியார், பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைக்காதே, ஒட்டிக்கொள்ளும் என்கிறார். ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கேன்சர் என்று பேச்சு. கணவர் நல்லவர்தான், ஆனால் 'முடிதானே, விடு' என்பதோடு சரி. அதைக் கேட்டால்தான் எனக்கு அழுகை வருகிறது. மனசு விட்டுப் பேச யாரைத் தேடுவது?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு பதில், வேண்டுமானால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். இது ஒட்டாது. சீப்பு, தலையணை, துண்டு எதிலிருந்தும் ஒட்டாது, பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வையுங்கள். ஏதோ பூச்சி கடித்ததாக நினைத்து அந்தக் காலத்தில் புழுவெட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள், இதில் புழுவும் இல்லை பூச்சியும் இல்லை. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் முடியின் வேரைப் போய்த் தாக்குகிறது. வேர் செத்துப்போவதில்லை, அதனால்தான் வருஷக்கணக்கில் வழவழவென்று கிடந்த இடத்தில்கூட திடீரென்று முளைக்கும், பல பேருக்கு முதலில் வெள்ளையாக, பூனை முடி மாதிரி. முளைத்தது மறுபடி கொட்டவும் செய்யும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக்கூடாது. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது என்று கணக்கு. அப்படியென்றால் மதுரையில் எத்தனை பேர் இருப்பார்கள், நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனக்கு 29 வயதில் வந்தது, இப்போது 46. புருவமும் இல்லை. (புருவம் எதற்கு இருக்கிறது என்று அது போன பிறகுதான் தெரிந்தது, சித்திரை வெயிலில் வேர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்குகிறது.) சின்ன வெங்காயம், பூண்டு, ஆற்றுத்தும்மட்டிக்காய் எல்லாம் தேய்த்தாயிற்று, கடைசியில் தலை புண்ணாகி அதற்குத் தனியாக மருந்து போட்டேன். விக் இல்லாமல் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு அம்மா, 'என்ன வேண்டுதல், பழனியா திருப்பதியா?' என்பார். கொஞ்ச நாள் சமயபுரம் என்று சொல்லித் தப்பித்தேன், மூன்றாவது மாதமும் அதே அம்மா ஏறியபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை!

சரி, ஆள் எங்கே கிடைப்பார்கள்? எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தாள். இந்த ஊசியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள் இல்லையா, அதனால் அதே முகங்கள் அதே கிழமையில் வந்து உட்காரும். நானும் இரண்டு தடவை தலை குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக, 'அக்கா, உங்களுக்கும் விக் நாறுமா?' என்றாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த வருஷத்தில் நான் சிரிக்கவே இல்லை. இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம், இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு ஓர் எண்ணெய்கூடச் சொன்னதில்லை. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: என்னை மாதிரி யாராவது வந்தால், அவர்களுக்குச் சம்மதம் என்றால், என் நம்பரைக் கொடுங்கள் என்று. மற்றவர் நம்பரை அவர் தரமாட்டார், உங்கள் நம்பரைத் தர என்ன தடை? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவிலும் இதே நோயோடு நிறையப் பேர் வருகிறார்கள். ஆங்கிலத்தில் பேச வரும் என்றால் அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய நேஷனல் அலோபீசியா ஏரியேட்டா ஃபவுண்டேஷன் இருக்கிறது, பிரிட்டனில் அலோபீசியா யுகே இருக்கிறது, இந்த நோய் வந்தவர்களைச் சேர்த்துவைப்பதே அவர்கள் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். முடிக்காகவா இந்த நம்பரைக் கூப்பிடுவது என்று யோசிக்காதீர்கள். தூக்கம் போனது போனதுதான்.

அப்புறம் உங்கள் கணவர். 'முடிதானே' என்பது ஆறுதல் என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார், என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பின்மண்டைக்கு மருந்து தடவ உங்களுக்குச் சரியாகத் தெரியாது, அதை அவர் செய்யட்டும், மாதம் ஒரு போட்டோவும் எடுக்கட்டும். தினம் விரலால் தொட்டுப் பார்க்கிறவர் 'விடு' என்று சொல்வது கஷ்டம். அம்மாவிடம் விக்குக்கு உள்ளே போட, பழைய காட்டன் புடவையில் நாலு தொப்பி தைத்துத் தரச் சொல்லுங்கள், மதுரை வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது, எண்ணெய் போனும் குறையும். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம், அங்கே யாருக்கு வாய் பெரியதோ அவரிடம் மட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நடிகை சமீரா ரெட்டிகூட தன் தலையில் இப்படி வட்டம் விழுந்ததை 2022-இல் வெளிப்படையாக எழுதினார், பேச்சை ஆரம்பிக்க அது உதவும்.

கேள்வி: என் பையனுக்கு 9 வயது, தலையில் மூன்று இடத்தில் புழுவெட்டு. கிளாஸில் கிண்டல், ஸ்கூலை மாற்றலாமா? புதிதாக மாத்திரை வந்திருக்கிறதாமே, கொடுக்கலாமா?
– ஒரு தகப்பனார், ஈரோடு

பதில்: மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது சார். பாரிசிட்டினிப் 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அது பெரியவர்களுக்கு. ரிட்லெசிட்டினிப் 2023-இல் வந்தது, 12 வயதுக்கு மேல். இரண்டுமே கடுமையாகக் கொட்டியவர்களுக்கு. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துகள், தொற்று வரலாம், ரத்தம் உறையலாம், நிறுத்தினால் முளைத்தது திரும்பக் கொட்டலாம். மூன்று வட்டம் என்பது பல பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே மூடிக்கொள்கிறது. தோல் டாக்டரிடம் காட்டுங்கள், நகத்தில் சின்னச் சின்னக் குழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஸ்கூலை மாற்றாதீர்கள், புது ஸ்கூலிலும் அதே தலைதானே போகும், இங்கேயாவது அவனுக்கு இரண்டு கூட்டாளிகள் இருப்பார்கள். கிளாஸ் டீச்சரிடம் பேசுங்கள், ஆனால் அவனைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். அவன் இல்லாத நேரத்தில் சொல்லட்டுமா, அவனும் கூட நிற்கிறானா, தொப்பி வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அவன் சொல்கிறபடி.