பானையா, பெட்டியா? பட்ஜி வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் குருவிகளில் பெரும்பாலானவை லவ் பேர்ட்ஸ் அல்ல. அவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர், சுருக்கமாகப் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை. குட்டை வாலும் தடித்த அலகும் கொண்டது. இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே பட்ஜி பற்றியவை. ஆகவே பதில்களும் அதற்கு மட்டுமே.

மண்பானையை விட மரப்பெட்டி நல்லது என்கிறார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் பானைதான் கட்டுகிறார்கள். எதை நம்புவது? (வாசகர், திண்டுக்கல்)

இரண்டிலும் குஞ்சு பொரிக்கும். பானை மலிவானது, வெயிலில் சூடு ஏறாது, அடிப்பகுதி குழிவாக இருப்பதால் முட்டை உருளாது. குறை என்னவென்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. செத்த குஞ்சு இரண்டு நாள் கிடந்து நாறிய பிறகுதான் தெரியவரும். வாய் மேலே பார்த்தபடி கட்டிய பானையில் பெட்டை உள்ளே குதிக்கும்போது முட்டை விரிசல் விடும். பானைதான் என்றால் வாய் பக்கவாட்டில் வரும்படி சாய்த்துக் கட்டுங்கள்.

எங்கள் ஓட்டு பெட்டிக்கே. 9 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம் போதும். 9 அல்லது 12 மி.மீ. ப்ளைவுட், உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. நுழைவாயில் ஒன்றே முக்கால் முதல் 2 அங்குல விட்டம். அதை நீளவாக்கில் ஒரு ஓரமாக, மேல்பக்கம் போடுங்கள். மறுஓரத்தில், 3 முதல் 4 அங்குல அகலமும் முக்கால் அங்குல ஆழமும் உள்ள குழி குடைந்த மரக்கட்டையைத் தரையில் வையுங்கள். வாயிலுக்கு நேர் கீழே குழி இருந்தால் பானையில் நடக்கும் அதே விபத்துதான். மேல்மூடி திறக்கும்படி இருக்கட்டும். பக்கவாட்டில் கூரைக்கு அருகே காற்றுக்கு நான்கைந்து சிறு துளைகள். கட்டையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். பலர் அதை ஆணி அடித்து நிறுத்திவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

ஒரே கூண்டில் பல ஜோடி என்றால், ஜோடி எண்ணிக்கையை விடக் கூடுதலாகப் பெட்டி வையுங்கள், 4 ஜோடிக்கு 6 அல்லது 8. எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பெட்டி மட்டும் உயரத்தில் தொங்கினால் அத்தனை பெட்டையும் அதற்கே அடித்துக்கொள்ளும். பட்ஜியில் ரத்தம் வரச் சண்டை போடுவது பெரும்பாலும் பெட்டைதான். ஜோடியில்லாத பெட்டை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

பெட்டிக்குள் வைக்கோல், தேங்காய் நார் போடலாமா? (வாசகர், காரைக்குடி)

வேண்டாம். காட்டில் இது யூகலிப்டஸ் மரப்பொந்தில், உதிர்ந்த மரத்துகள் மேல் முட்டையிடுகிற பறவை. கூடு கட்டவே தெரியாது. எதைப் போட்டாலும் இழுத்து வெளியே தள்ளும். நார் குஞ்சின் காலில் சுற்றி இறுக்கவும் செய்யும். ரசாயனம் படாத மரத்துருவல் ஒரு கைப்பிடி போதும். நைசான தூள் மூச்சுக்குழாயில் ஏறும்.

ஜோடி என்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒன்றுக்கொன்று ஊட்டிவிடுகின்றன, ஆனால் முட்டையே இல்லை. (வாசகர், திருவாரூர்)

இரண்டும் ஆணாக இருக்கலாம். இரண்டு ஆண்களும் ஒன்றுக்கொன்று ஊட்டும். மூக்குத்துளைகளைச் சுற்றியுள்ள மெழுகுபோன்ற தோலைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அடர்நீலம். பெட்டைக்குப் பழுப்பு, முட்டைக்குத் தயாரானால் இன்னும் கருத்துச் சொரசொரப்பாகும். ஏமாற்றுவது இளம் பெட்டை. அதன் மூக்கு வெளிர்நீலமாக, துளையைச் சுற்றி வெள்ளை வளையத்துடன் இருக்கும். ‘நீலம்தானே, ஆண்’ என்று தூக்கிக்கொடுத்துவிடுவார்கள். இளம் ஆணுக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு கலந்த ஊதா. செங்கண் மஞ்சளான லூட்டினோவிலும் செங்கண் வெள்ளையான அல்பினோவிலும் ஆணின் மூக்கு ஆயுள் முழுக்க அந்த இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும்.

சரியான ஜோடிதான் என்றால் வயதைப் பாருங்கள். நெற்றிவரை கோடு இறங்கியிருந்தால் இன்னும் குஞ்சு. 3, 4 மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் அந்தக் கோடுகள் மறையும். 10 மாதமாவது ஆகாமல் பெட்டி மாட்டாதீர்கள். உள்நாட்டு ஆஸ்திரேலியாவில் மழை பெய்து புல்விதை பெருகும்போதுதான் இவை இனம் பெருக்கும். நிறைய தீனி, 12 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம், அடைய ஒரு பொந்து, காதில் விழப் பிற பட்ஜிகளின் சத்தம், இவை நான்கும் வேண்டும். ஒற்றை ஜோடி மந்தமாக இருப்பதற்குக் கடைசியாகச் சொன்னது இல்லாததே போதும்.

6 முட்டை இட்டு மூன்று வாரம் அடைகாத்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இரண்டாவது முறை இப்படி. (வாசகர், கோவில்பட்டி)

முதலில் அது கருவே இல்லாத கூமுட்டையா, கரு உள்ளே செத்ததா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அடை உட்கார்ந்த ஆறாம், ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சை முட்டையின் அடியில் வைத்துப் பாருங்கள். கரு இருந்தால் சிலந்திவலைபோல் சிவப்பு நரம்புகள் ஓடும். கூமுட்டை மஞ்சளாக, தெளிவாகத் தெரியும்.

எல்லாமே கூமுட்டை என்றால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் ஆண் குருவி அல்ல, அது உட்காரும் குச்சி. ஆடுகிற குச்சியிலும் வழுக்குகிற பிளாஸ்டிக் குச்சியிலும் இணைசேரல் சரியாக நடக்காது. அரை அங்குல கனமுள்ள வேப்பங்குச்சியை இரு முனையும் அசையாமல் கட்டுங்கள். அதற்கு அடுத்துதான் வயது, கொழுப்பு, ஒரே தாய்வழிக் குஞ்சுகளைத் திரும்பத் திரும்ப ஜோடி சேர்த்தது எல்லாம். ஒரே பெட்டியில் 9, 10 முட்டை சேர்ந்து அத்தனையும் கூமுட்டை என்றால், இரண்டு பெட்டைகள் சேர்ந்து இட்டிருக்கலாம்.

கரு வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால் உங்கள் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது ஈரப்பதம். வறண்ட வெயிலில் ஓட்டின் உள்சவ்வு காய்ந்து தோல்போல் ஆகிவிடும், குஞ்சால் கிழிக்க முடியாது. முட்டை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஆழமில்லாத தட்டில் தண்ணீரும், கழுவிய ஈரக் கொத்தமல்லிக் கட்டும் வையுங்கள். பெட்டை குளித்துவிட்டு ஈர வயிற்றோடு உள்ளே போய் உட்காரும், அந்த அளவே போதும். இரவில் பூனையோ எலியோ பயமுறுத்தி, பெட்டை வெளியே பறந்து இருட்டில் திரும்ப முடியாமல் போனாலும் கரு குளிர்ந்து சாகும்.

நாள் கணக்கையும் சரியாகப் போடுங்கள். பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் இடும். ஒவ்வொரு முட்டைக்கும் அடை உட்கார்ந்ததிலிருந்து 18 நாள். முதல் முட்டையிலேயே உட்கார்ந்திருந்தால் ஆறாவது அதற்கு 10 நாள் கழித்தே பொரிக்கும். சில பெட்டைகள் இரண்டாவது, மூன்றாவது முட்டைக்குப் பிறகே உட்காரும். அவசரப்பட்டு எறிந்த முட்டையில் உயிரோடு கரு இருந்த கதை நிறைய. ஓட்டில் விரிசல் விட்ட பிறகும் ஒரு நாள் பொறுங்கள். முன்கூட்டி உரித்தால் ரத்தக்குழாய் அறுந்து குஞ்சு செத்துவிடும்.

கூமுட்டையை உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் பெட்டை ஈடுகட்ட மேலும் இடும், உடம்பு கரையும்.

பொரித்த 5 குஞ்சில் கடைசி இரண்டு எப்போதும் செத்துவிடுகின்றன. (வாசகர், தஞ்சாவூர்)

மேலே சொன்ன நாள் இடைவெளிதான் காரணம். முதல் குஞ்சு கண் திறந்து தடித்திருக்கும்போது கடைசிக் குஞ்சு 2 கிராம் எடையில் பிறக்கிறது. மிதிபடும், ஊட்டும் முறை வராது. இரண்டு ஜோடிகள் ஒரே வாரத்தில் முட்டையிடும்படி ஒன்றாகப் பெட்டி மாட்டினால், சிறியதை ஒத்த வயதுக் குஞ்சுகள் உள்ள கூட்டுக்கு மாற்றலாம். பட்ஜி பெட்டை பிறத்தியார் குஞ்சைப் பொதுவாக ஏற்கும். எந்தக் குஞ்சு எதுவென்று குறித்துவையுங்கள்.

காலையிலும் மாலையிலும் தீனிப்பையைப் பாருங்கள். கழுத்தடியில் அது உப்பி, உள்ளே வெண்மையாகத் தெரிய வேண்டும். வெறும் காற்றாக இருந்தால் அந்தக் குஞ்சுக்கு ஊட்டவில்லை.

குஞ்சின் இரண்டு காலும் தவளைபோல் பக்கவாட்டில் விரிந்துவிட்டன. நிமிர்த்த முடியுமா? (வாசகர், ஆம்பூர்)

மூன்று வாரத்துக்குள் என்றால் முடியும். மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பட்டையை மெல்லிய கீற்றாக வெட்டி, கணுக்காலுக்கு மேல் எட்டு வடிவில் சுற்றி, கால்கள் உடம்புக்கு நேர் கீழே இயல்பான இடைவெளியில் நிற்கும்படி இணையுங்கள். பாதம் வெளுத்தாலோ வீங்கினாலோ இறுக்கம் அதிகம். கால் வேகமாகத் தடிப்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து மாற்ற வேண்டும். ஒரு வாரத்தில் தெரியும் அளவுக்குத் திரும்பும். எலும்பு முற்றிய பிறகு கட்டிப் பயனில்லை. வழுவழுப்பான சமதளத் தரையும் தாய்க்குச் சுண்ணாம்புச் சத்து குறைவதும்தான் பெரும்பாலும் காரணம். குழிக்கட்டையும் மரத்துருவலும் இருந்தால் இது அரிது.

பெட்டை கூண்டுத் தரையில் இறகு உப்பி உட்கார்ந்து வாலை ஆட்டி முக்குகிறது. (வாசகர், மதுரை)

இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கும் கேள்வி அல்ல இது. அடுத்தவர்களுக்காகச் சொல்கிறோம். முட்டை சிக்கியிருக்கிறது. தனிக்கூண்டில் வைத்து, ஒரு பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, 30 டிகிரிக்குச் சற்று மேல் சூடு வரச்செய்யுங்கள். பக்கத்தில் ஈரத்துணி தொங்கட்டும். சூடு தாங்காவிட்டால் விலகிப்போக மறுபக்கம் இடமும் வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், கால்சியம் ஊசி பலமுறை உயிரைக் காப்பாற்றும். வயிற்றை அமுக்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் பறவை பிழைப்பது அரிது.

தடுக்க, கூண்டில் எப்போதும் கணவாய் ஓடு தொங்கட்டும். நாட்டு மருந்துக்கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் அதைத்தான் தருவார்கள். காலை இளவெயிலும் கொஞ்சம் படட்டும், வெயில் இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. ஆண்டுக்கு இரண்டு ஈடு (முட்டையிட்டுக் குஞ்சு எடுக்கும் ஒரு சுற்று), மிஞ்சினால் மூன்று. அதன்பின் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி தொங்கும்வரை பெட்டை இட்டுக்கொண்டேதான் இருக்கும். சித்திரை, வைகாசிக்குக் கழற்றிவைப்பது எங்கள் பரிந்துரை.

குஞ்சு இருக்கும்போது என்ன தீனி, எவ்வளவு? (வாசகர், பொள்ளாச்சி)

தினையும் பனிவரகும் அடித்தளம், கொஞ்சம் சாமை, கம்பு. பெரிய பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு டீஸ்பூன் விதை. குஞ்சு வந்துவிட்டால் அளக்கவே வேண்டாம், கிண்ணம் காலியாகாமல் இருந்தால் சரி. ஆனால் நிறைந்திருப்பது தீனிதானா? பட்ஜி விதையை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே போடும். உமி நிறைந்த கிண்ணத்தை ‘இன்னும் இருக்கிறதே’ என்று விட்டுப் பட்டினியில் குஞ்சுகளைச் சாகவிட்ட வீடுகள் உண்டு. தினமும் ஊதிவிடுங்கள்.

பொரிக்க ஒரு வாரம் முன்பிருந்தே, நன்றாக வேகவைத்த முட்டையை ரஸ்க் தூளோடு பிசைந்து ஜோடிக்கு ஒரு டீஸ்பூன் காலையில் வையுங்கள். நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை விடக் கூடாது. முளைகட்டிய கம்பும் பச்சைப்பயறும் நல்லது, புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். முருங்கைக்கீரை தாராளமாகத் தரலாம். அவகாடோ, சாக்லேட், உப்பிட்ட தின்பண்டம் கூடவே கூடாது.

குஞ்சு வெளியே வரும் வயதில் முதுகில் இறகே இல்லை. நோயா? (வாசகர், நாகர்கோவில்)

முதுகும் பிடரியும் மட்டும் மொட்டை என்றால் தாய் பிடுங்குகிறாள், அடுத்த ஈட்டுக்கு அவசரம். குஞ்சுகளை இரண்டாவது பெட்டிக்கு மாற்றி, கம்பித் தடுப்புக்கு அப்பால் அப்பாவோடு விடுங்கள், அவர் ஊட்டி முடிப்பார். இறகு மீண்டும் முளைக்கும். இறக்கையின் நீள இறகும் வால் இறகும் தானாக உதிர்ந்து, குஞ்சு பறக்காமல் தரையில் ஓடினால் அது பிரெஞ்சு மோல்ட். வைரஸ் நோய், மருந்து இல்லை. புதுப்பறவை சேர்ப்பதையும் குஞ்சு விற்பதையும் நிறுத்துங்கள். பெட்டிகளை எரித்து, கூண்டை பிளீச்சிங் கரைசலில் கழுவி, சில மாதம் இனப்பெருக்கம் இல்லாமல் விடுங்கள்.

எறும்பு பெட்டிக்குள் ஏறிக் குஞ்சுகளைக் கடிக்கிறது. எறும்பு சாக்பீஸ் போடலாமா? (வாசகர், கடலூர்)

கூண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், அது பூச்சிக்கொல்லி. கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள், பழைய சமையலறை அலமாரி வைத்தியம்தான். தொங்கும் கூண்டு என்றால் கம்பியில் வேப்பெண்ணெய் தோய்த்த துணி சுற்றுங்கள். எறும்பே இல்லாமல் குஞ்சு வெளிறிச் சாகிறது என்றால், இரவில் பெட்டி இடுக்கில் வெள்ளைத் துணி செருகிக் காலையில் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் ரத்தம் குடிக்கும் செள். பெட்டியைக் கொதிநீரில் முக்கி வெயிலில் காயவைக்க வேண்டும், பறவைக்கான மருந்து மருத்துவர் அளவு சொல்லித்தான்.

பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறந்திருக்கிறது. முட்டை மாறிவிட்டதா? (வாசகர், ஈரோடு)

இல்லை. பச்சை ஓங்கியது, நீலம் ஒளிந்திருப்பது. பெற்றோர் இரண்டுமே நீலத்தை மறைத்து வைத்திருந்தால் சராசரியாக நாலில் ஒன்று நீலம் வரும். நீலம் இரண்டைச் சேர்த்தால் பச்சை வரவே வராது, வந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். லூட்டினோ ஆணை, லூட்டினோ மரபணு இல்லாத பச்சைப் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சு எல்லாம் லூட்டினோ, ஆண் எல்லாம் பச்சை. கூட்டிலேயே ஆண், பெண் தெரிந்துவிடும்.

பட்ஜி வளர்க்க அனுமதி வேண்டுமா? (வாசகர், வேலூர்)

வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பது நம் நாட்டுப் பச்சைக்கிளி போன்றவற்றை. 2022 திருத்தத்துக்குப் பின், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பறவைகளைப் பதிவு செய்ய வேண்டும். பட்ஜியும், கொண்டையுள்ள ஆஸ்திரேலியக் கிளியான காக்கடீலும் அந்தப் பட்டியலில் இல்லை. தென் அமெரிக்கக் கிளியான சன் கன்யூர் வாங்குவதாக இருந்தால் பதிவு அவசியம்.